நான் காட்டிய கோலா

சேகர், இதையெல்லாம் நான் அப்போதே சொன்னவன். நீ பிறந்த அன்றைக்கே செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வாசலில் டீ குடித்துக்கொண்டு, "இவன் கடல் தாண்டிப் போவான், பார்த்துக்கொள்" என்று என் கூட்டாளி கன்னியப்பனிடம் சொன்னேன். மறைமலைநகரில் நீ கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்த காலத்தில், இவன் இந்தப் பஸ்ஸில் ரொம்ப நாள் ஏறமாட்டான் என்றேன். இரண்டே வருஷத்தில் விமானம் ஏறினாய். ரேவதியைப் பெண் பார்க்கப் போன அன்று அவள் காபித் தட்டைப் பிடித்த பிடியைப் பார்த்துவிட்டு, உன் வண்டி ஸ்டியரிங் இவள் கையில்தான் இருக்கப்போகிறது என்று உன் அம்மாவின் காதில் சொன்னேன். அதுவும் பலித்துவிட்டது. பலித்த விதத்தைத்தான் நான் நினைக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் பொழுது சாயும் நேரத்தில் மிருகம் குறுக்கே பாயும் என்றும் முன்கூட்டியே சொன்னேன். அப்படித்தான் ஒரு வருஷமாகத் திருப்போரூரிலிருந்து மாமல்லபுரம் வரை சொல்லிக்கொண்டு திரிகிறேன். இந்தக் கடிதம் அந்தக் கடைசிப் பேச்சைப் பற்றியது.

இதை ஏன் தபாலில் போடாமல் ஊர் படிக்க எழுதுகிறேன் என்று நீ கேட்பாய். எங்கள் வேன் ஸ்டாண்டு டிரைவர்கள் எல்லாம் சேர்ந்து இந்த ஆயுதபூஜைக்கு ஒரு மலர் போடுகிறார்கள். கன்னியப்பன் வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்து, "அண்ணாத்த, நீ ஆஸ்திரேலியா போய் வந்த கதைய எழுதிக் குடு. கங்காரு, திமிங்கலம் எல்லாத்தையும் போடு. ஆனா பாத்து எழுது, மலரே மொத்தம் நாப்பது பக்கம்தான்" என்றான். நான் எட்டாவது வரை படித்தவன். அதற்கு மேல் எனக்குச் சொல்லித்தர வாத்தியார்களிடம் சரக்கு இல்லாததால் நின்றுவிட்டேன். எழுத எனக்கு என்ன பயம்? முதல் தாளை மளமளவென்று நிரப்பினேன். கங்காரு எனக்குக் கை கொடுத்தது வரைக்கும் எழுதியாகிவிட்டது. அப்புறம் பேனா நகரவில்லை. அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு இதை ஆரம்பித்தேன். பொய்யை யாரிடமெல்லாம் சொன்னேனோ அவர்கள் எல்லோரும் இந்த மலரைப் படிப்பார்கள். அதனால் உனக்கு எழுதுவதை அவர்களும் படிக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை ரேவதி போன் செய்தாள். உன் அம்மா மாவு அரைக்கப் போயிருந்த நேரம். "மாமா, ஸ்பீக்கர்ல போடாதீங்க, நீங்க மட்டும் கேளுங்க" என்றாள். அவளுக்கு எட்டு மாதம் முடியப்போகிறது. ஆஸ்பத்திரி உங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம். இன்னமும் அவள்தான், வயிறு ஸ்டியரிங்கில் இடிக்க இடிக்க, உன்னை ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டு வேலைக்குப் போகிறாள். "அவரு ஒரு வருஷமா சாவியத் தொடல மாமா. குழந்தைக்குக் கார் சீட் வாங்கியாச்சு. பெட்டியப் பிரிக்கவே மாட்டேங்கறாரு. வாசப்படிகிட்டயே கெடக்கு, நான் டெய்லி தாண்டித் தாண்டிப் போறேன். கேட்டா, 'நைனா அத்தன தடவ மெதுவாப் போன்னு சொன்னாரு, கேக்காதவன் நான், என்ன நம்பிப் புள்ளைய வண்டில ஏத்தாத'ங்கறாரு. வலி வந்தா டாக்ஸி கூப்பிட்டுக்கலாமாம்." பிறகு சொன்னாள்: "நீங்க சொன்னாக் கேப்பாரு. நீங்களும் டிரைவர்தானே. யாரு ஓட்டியிருந்தாலும் அன்னிக்கு அப்படித்தான் ஆயிருக்கும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மாமா." நான், "சொல்றேம்மா, அதுக்கு இன்னா" என்று போனை வைத்துவிட்டேன். ஆனால் அந்த ஒரு வார்த்தையை என்னால் சொல்ல முடியாது. பக்கத்து சீட்டில் நான் இல்லாமல் இருந்திருந்தால், அதே நீ ஓட்டி ஒன்றும் ஆகியிருக்காது.

அந்த நாளை முதலிலிருந்து சொல்கிறேன். மலர் படிக்கிறவர்களுக்கும் புரிய வேண்டும். உன் அம்மா விமானத்துக்குப் பயந்து வரவில்லை, நான் மட்டும் வந்திருந்தேன். வந்த இரண்டாவது வாரம் நீயும் ரேவதியும் என்னைக் கடலோரச் சாலைக்குக் கூட்டிப்போனீர்கள். நம் ஈ.சி.ஆர். அந்த ரோட்டுக்கு அப்பன் என்று அன்றைக்கு உன்னிடம் சொன்னேன். அப்பன் இல்லை, ஒன்றுவிட்ட சித்தப்பன்கூட இல்லை. மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி ரோடு போகிறது, கீழே கடல், ஒவ்வொரு வளைவிலும் வண்டியை நிறுத்திப் பார்க்க இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். நல்லவேளையாக அங்கேயும் நம்மைப் போல் இடதுபக்கம் ஓட்டுகிறார்கள், இல்லாவிட்டால் எனக்குத் தலை சுற்றியிருக்கும். ஒவ்வொரு வளைவுக்கும் நான் "ஹாரன் அடி, ஹாரன் அடி" என்றேன். "இங்க ஹாரன் அடிச்சா அசிங்கமாத் திட்டற மாதிரி நைனா" என்றாய். "அப்போ நம்ம ஊரு பூரா ஒருத்தர ஒருத்தர் திட்டிக்கினுதான் கீறோமா?" என்று கேட்டேன். ரேவதி பின்சீட்டில் விழுந்து விழுந்து சிரித்தாள். கடலுக்குள் தனித்தனியாக நிற்கிற பெரிய பாறைகளைப் பார்த்துவிட்டு, "எங்க ஊரா இருந்தா இதக் கோயிலா செதுக்கி வெச்சிருப்போம், நீங்க சும்மா வுட்டுட்டீங்களே" என்று பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரரிடம் சொன்னேன், உன்னை மொழிபெயர்க்கவும் சொன்னேன். நீ அதைத்தான் சொன்னாயோ வேறு எதையாவது சொன்னாயோ, அவர் தொப்பியைத் தொட்டுக்கொண்டு சிரித்தார்.

ரேவதி ஒரு நோட்டில் மிருகங்களின் பெயரை வரிசையாக எழுதி, யார் முதலில் பார்க்கிறார்களோ அவர் பெயரை எதிரே போட்டுக்கொண்டு வந்தாள். திமிங்கலம் தண்ணீர் பீய்ச்சியதை நீ பார்த்தாய். சிவப்புக் கிளியையும், முள்ளம்பன்றிக்குத் தம்பி மாதிரி ரோட்டோரம் உருண்டுபோன ஒன்றையும் அவள் பார்த்தாள். ஒரு புல்வெளியில் கூட்டமாகப் படுத்திருந்த கங்காருக்களை நான்தான் கை காட்டினேன். "அது எல்லாரும் ஒண்ணாப் பாத்தது மாமா, கணக்குல வராது" என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள். சாப்பிட நிறுத்திய இடத்தில் கூட்டம் ஒரு மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. மேலே கோலா, குட்டிக் கரடி மாதிரி அந்த ஊர் மிருகம், தூங்குகிறதாம். நானும் அண்ணாந்து, "கீது கீது, நல்லாத் தூங்குது" என்றேன். அதற்குப் பிறகுதான் ரேவதி அந்தப் பேச்சை எடுத்தாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை, சும்மா விளையாட்டுக்குச் சொன்னாள். "எங்கப்பா வந்தப்ப அவரே தனியா ஏழு கோலா கண்டுபிடிச்சாரு மாமா. உங்க பேருல இன்னும் ஒண்ணு கூட இல்லியே!" சம்பந்தி கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவர், செங்கல்பட்டில் பஸ்ஸில் என்ன நம்பர் எழுதியிருக்கிறது என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்டு ஏறுகிறவர். அவருக்கு ஏழு. முப்பது வருஷம் டூரிஸ்ட் வேன் ஓட்டிய எனக்குப் பூஜ்யம். அங்கிருந்து கிளம்பியதும் ஜன்னல் பக்கம் மரம் மரமாகத் தேடிக்கொண்டே வந்தேன்.

திரும்பும்போது ரேவதி பின்னால் தூங்கிவிட்டாள். வெயில் சாய்ந்து, தைலமரக் காட்டுக்கு நடுவில் ரோடு போய்க்கொண்டிருந்தது. அந்த இடத்தில் நான், "மெதுவாப் போ சேகரு, இந்த நேரத்துலதான் மிருகம் குறுக்க பாயும்" என்று மூன்று தடவை சொன்னதாகவும், நீ காதில் வாங்கவில்லை என்றும் உனக்கும் ஊருக்கும் சொல்லியிருக்கிறேன். அதை நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நான் சொன்னது வேறு. "இன்னாடா கட்டவண்டி மாதிரி உருட்டினு கீற? எம்பதுன்னு போர்டு போட்டுகீறான்னு நீதான சொன்ன, இப்ப அறுவதுல போற" என்றேன். நீதான், "இது மிருகம் வர்ற நேரம் நைனா" என்றாய். கங்காரு படம் போட்ட மஞ்சள் பலகையைக்கூட எனக்குக் காட்டினாய். முன்கூட்டியே சொன்னவன் நீ. உன் வாயிலிருந்து வந்ததைத்தான் ஒரு வருஷமாக என் வாயில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்போதுதான் இடதுபக்கம், கிளை பிரிகிற இடத்தில் அதைப் பார்த்தேன். சாம்பல் நிறம், கோணிமூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தது, காது ஓரமெல்லாம் வெள்ளை மயிர், மூக்கு கறுப்பாகப் பளபளவென்று. என்னைத் திரும்பிக்கூடப் பார்த்தது. "அதோ! கோலா! எடது பக்கம், மேல, மேல பாரு!" என்று கத்தி, உன் தோளைப் பிடித்து உலுக்கினேன். ஓட்டுகிறவன் தோளைப் பிடித்து உலுக்கினேன், சேகர். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்த எவனாவது என்னிடம் அப்படிச் செய்திருந்தால் வண்டியை நிறுத்தி இறக்கிவிட்டிருப்பேன். நீ அப்பன் கூப்பிட்டதற்குத் திரும்பினாய். வலதுபக்கப் புதரிலிருந்து கங்காரு பாய்ந்தது. சத்தம், கண்ணாடி, வண்டிக்குள்ளிருந்தே உப்பிய வெள்ளைக் காற்றுப் பை முகத்தில் வந்து அறைந்தது, வண்டி மண்மேட்டில் ஏறி நின்றது. பின்னால் ரேவதியின் இடதுகை மணிக்கட்டு முன்சீட்டில் மோதி உடைந்துபோனது.

அதற்குப் பிறகு நடந்ததையும் நான் ஒழுங்காகச் சொன்னதில்லை. நமக்குப் பின்னால் வந்த ஒரு அம்மாள் காரை நிறுத்தி இறங்கினாள். ரேவதியைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள், போனில் ஆள் வரச் சொன்னாள். பிறகு நேராகச் செத்துக்கிடந்த கங்காருவிடம் போய் மண்டியிட்டு, அதன் வயிற்றுப் பைக்குள் கையை விட்டு, உள்ளே இருந்த குட்டியை மெல்ல எடுத்து, தான் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றிச் சுற்றிக்கொண்டாள். அந்த ஊரில் அப்படித்தான் பார்ப்பார்களாம், எல்லாம் ரேவதி பிறகு சொன்னது. ஸ்டாண்டில் நான், கையை விட்டு எடுத்தவன் நான்தான் என்று சொல்லியிருக்கிறேன். கன்னியப்பன் கண்கலங்கி எனக்கு வடை வாங்கிக் கொடுத்தான். அந்த நேரத்தில் நான் இறங்கவேயில்லை. கதவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தேன்.

நீ என் பக்கம் குனிந்து, "இன்னா ஆச்சு நைனா? எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லியே" என்று கேட்டாய். அந்த ஒரு கேள்விக்கு நான் நிஜத்தைச் சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். "மெதுவாப் போன்னு சொன்னேனேடா" என்று என் வாயில் வந்தது. நான் யோசித்துச் சொல்லவில்லை. பழக்கத்தில் வந்தது. கொஞ்ச நேரத்தில் போலீஸ் வந்தது. ஒரு சின்ன வயசு அதிகாரி என்னிடம் பணிவாக ஏதோ கேட்டார். எனக்கு இங்கிலீஷ் வராது. நான் தமிழில் அதையே சொன்னேன். அதை நீதான் அவருக்கு மொழிபெயர்த்தாய். நெற்றியில் ரத்தத்தோடு நின்றுகொண்டு, அப்பா மெதுவாகப் போகச் சொன்னார், நான் கேட்கவில்லை என்று, நான் உன்மேல் சுமத்திய பழியை நீயே உன் வாயால் இங்கிலீஷில் சொன்னாய். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் உன் முகத்தைப் படிக்கத் தெரியும். அந்த முகம் இன்றைக்கும் என் எதிரே இருக்கிறது.

இரண்டு மாதம் முன்பு திருப்போரூரில் ஒரு கல்யாணம். பந்தியில் சம்பந்தி எனக்குப் பக்கத்து இலை. எதிரே இருந்தவர்களிடம், "என் பொண்ணு கை இன்னும் முழுசா மடங்கல. பெரியவங்க சொன்னாக் கேக்கணும் சார். பாவம், சம்பந்தி படிச்சிப் படிச்சிச் சொன்னாராம்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டுப் பாயசம் இன்னொரு கரண்டி கேட்டேன். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே என் பிள்ளையைத் திட்டுகிறார்கள், நான் பாயசம் குடிக்கிறேன். வீட்டுக்கு வந்து, வயிறு சரியில்லை என்று உன் அம்மாவிடம் சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் கடல் தெரிகிற இடங்கள் உண்டல்லவா, அங்கே வேனில் இருக்கிறவர்கள் சலித்துப்போய் உட்கார்ந்திருந்தால் நான், "அதோ டால்ஃபின்!" என்று கடலைக் காட்டுவேன். அவர்கள் திரும்புவதற்குள், "முங்கிடுச்சு சார்" என்பேன். ஒவ்வொரு வேனிலும் ஒருவராவது, "ஆமா, நான் வாலப் பாத்தேன்" என்பார். மற்றவர்கள் அவரைப் பொறாமையோடு பார்ப்பார்கள். மாமல்லபுரம் போய்ச் சேரும்வரை வண்டி கலகலப்பாக இருக்கும். முப்பது வருஷத்தில் நான் காட்டாத நாள் குறைவு. ஒரு டால்ஃபினையும் நான் பார்த்ததில்லை. ஸ்டாண்டில் பாதிப் பேர் இதைச் செய்கிறவர்கள்தான். படித்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வரட்டும்.

உனக்கு ஏழு வயசில், கோடை லீவில் ஒருநாள் உன்னை வேனில் கூட்டிப்போனேன். அன்றைக்கும் காட்டினேன். வண்டி முழுக்க ஓவென்று கத்தியது. நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டு வந்தாய். வீட்டுக்குத் திரும்பும்போது, "நைனா, எல்லாருக்கும் தெரிஞ்சுது, எனக்கு மட்டும் தெரியல. என் கண்ணு நொள்ளக் கண்ணா?" என்று கேட்டாய். அப்போதும் நான் சொல்லியிருக்கலாம். "கீரை துன்னாத்தானே கண்ணு தெரியும்" என்றேன். நீ அந்த லீவு முழுக்க, பிடிக்காத பொன்னாங்கண்ணிக் கீரையைக் கண்ணில் தண்ணி வரத் தின்றாய். தினமும் ஒருதரம் மாடிக்குப் போய், தூரத்தில் போகிற பஸ்ஸின் நம்பரைப் படித்துப் பார்ப்பாய். உன் அம்மா, புள்ள திருந்திட்டான், கீரை கேட்டு வாங்கித் துன்றான் என்று ஊரெல்லாம் சொன்னாள். நான் இல்லாததைக் காட்டுவதும், அது உனக்குத் தெரியாமல்போனால் நீ உன்னையே குறை சொல்லிக்கொள்வதும் அப்போதே ஆரம்பித்துவிட்டது. நான் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

ஆகையால் நான் சொல்வதைக் கேள். புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் வண்டி விஷயத்தில் எனக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாது. நீ நல்ல டிரைவர். அறுபதில் போனாய், பலகையைப் பார்த்தாய், மிருகம் வரும் என்று உனக்குத் தெரிந்திருந்தது. நீ சாவியைத் தொடாமல் இருப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. அந்தப் பெட்டியைப் பிரித்து சீட்டை மாட்டு. ஒரு காலை நேரம், ரோடு காலியாக இருக்கும்போது, ரேவதியைப் பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரி வரைக்கும் ஒருதரம் போய்வா. பிறகு தினமும் போய்வா. பக்கத்து சீட்டிலிருந்து யார் எதைக் காட்டினாலும் திரும்பாதே. பிறக்கப்போகிற பிள்ளை காட்டினாலும் ஓரம் கட்டி நிறுத்திவிட்டுத்தான் பார். அது பெரிதாகி, எனக்கு மட்டும் தெரியவில்லையே என்று உன்னிடம் கேட்டால், கீரையைத் தேடுவதற்கு முன்னால் நீ காட்டியது அங்கே இருந்ததா என்று யோசி.

உன் அம்மா மாவுத் தூக்கோடு வந்து பின்னால் நிற்கிறாள். அவளுக்குப் படிக்க வராது, தாளை மட்டும் எட்டிப் பார்க்கிறாள். "இன்னாய்யா, இத்தினி பக்கம் ஆச்சு, இன்னுமா அந்தக் கொரங்கப் பத்தி எழுதிக்கினு கீற?"

"கொரங்கு இல்லடி, கோலா."

"இன்னாவோ ஒண்ணு. புள்ளைக்கி அடிபட்டாலும் நீயாவது அதக் கண்ணால பாத்துட்டு வந்த. எனக்கு அதுகூடக் குடுத்து வெக்கல."

அவளுக்குச் சொல்ல வேண்டியதை முதலில் உனக்குச் சொல்கிறேன், பிறகு இதை அவளுக்கும் படித்துக் காட்டுகிறேன். உன் ஊருக்கு வருவதற்கு இரண்டு வாரம் முன்னால் கண் டாக்டரிடம் போயிருந்தேன். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறது, ஆபரேஷன் செய்துவிட்டுப் பயணம் போங்கள் என்றார். உன்னிடம் சொன்னால் டிக்கெட்டைத் தள்ளிப்போடுவாய், வேன் ஓட்டியவனுக்குக் கண் போய்விட்டது என்று ஸ்டாண்டில் சிரிப்பார்கள் என்று, டாக்டர் எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு விமானம் ஏறினேன். அன்று முழுக்க நீங்கள் காட்டிய மிருகங்களில் ஒன்றையும் நான் பார்க்கவில்லை. புல்வெளியில் கிடந்தவை கங்காருக்கள் என்பதே நீங்கள் சொல்லித்தான் தெரியும். மேலே கோலாவைப் பற்றி, காதில் வெள்ளை மயிர், கறுப்பு மூக்கு என்று எழுதியிருக்கிறேனே, அந்த இடத்துக்குத் திரும்பிப்போய் அந்த வரியை அடித்துவிடப் பார்த்தேன். அடிக்கவில்லை. இல்லாததை நான் எப்படிச் சொல்கிறவன் என்று நீ ஒருமுறை தாளில் பார்த்துக்கொள். காதையும் மூக்கையும் ரேவதி தன் போனில் பெரிதாக்கிக் காட்டிய படத்திலிருந்து எடுத்தேன். அந்த மரத்தில் கோலா இல்லை, சேகர். மரமே எனக்குப் பச்சைப் புகையாகத்தான் தெரிந்தது.